கிளம்பாத எஞ்சினும் கியூபெக் பனியும்

இந்த மாதம் நம் ஊர் வெயிலிலிருந்து உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். போகும் இடம் கனடாவில் உள்ள கியூபெக் மாகாணம். நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1763-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி பாரீசில் கையெழுத்தான உடன்படிக்கையில் இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் ஒன்றாகவே எழுதப்பட்டது. 1761-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி அந்த உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. கனடா ஆங்கிலேயருக்குப் போனது. ஆனாலும் அங்கே இருந்த பிரெஞ்சுக் குடியானவர்கள் மொழியை விடவில்லை. இரண்டரை நூற்றாண்டு கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குடியானவர் மரபில் வந்த ஒருவர் கண்டுபிடித்த வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆங்கிலத்தில் ஸ்னோமொபைல், கியூபெக் பிரெஞ்சில் மோதோநேஜ். நாம் பனிவண்டி என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, நடுவில் ஒரு எஞ்சின். அந்த எஞ்சின் காலையில் கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வண்டியின் சரித்திரம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

பனிக்காலம் என்றால் ஊர் அடைப்பு

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்கும் ஈரம். அங்கே பனி என்றால் நவம்பரில் விழத் தொடங்கி ஏப்ரல் வரை ஆளுயரம் குவிந்து கிடப்பது. காற்று கிளம்பினால் விழுந்த பனியே தூள்தூளாக எழுந்து கண்ணை மறைக்கும். அதற்கு அவர்கள் சொல் பூத்ரெரி. பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலை என்று பொருள். காரைக் கியூபெக்கில் ஷார் என்பார்கள். பாரீசில் ஷார் என்றால் ராணுவ டாங்கி நினைவுக்கு வரும்! ஒரே மொழி இரண்டு தட்பவெப்பத்தில் வளர்ந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

1920களில் அமெரிக்கக் கண்டமெங்கும் ஃபோர்டு கார் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் கியூபெக் கிராமங்களில் அது பாதி வருஷத்து வண்டிதான். பனி விழுந்ததும் காரைக் கொட்டகையில் ஏற்றி, கட்டை கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டு, பழையபடி குதிரை பூட்டிய சறுக்குவண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். கடும் பனியில் குதிரையும் நகராது. பிரசவமோ, வயிற்றுவலியோ, டாக்டர் வந்து சேர்வதற்குள் எதுவும் நடக்கலாம்.

தகப்பனார் கொடுத்த பழைய எஞ்சின்

ஜோசப்-அர்மான் பொம்பார்தியே 1907 ஏப்ரல் 16-இல் வால்கூர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆங்கிலத்தில் எழுதும்போது பம்பார்டியர். அந்தப் பெயரை நீங்கள் ரயில் பெட்டியிலோ விமானத்திலோ பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கிற பையன். இவன் கையிலிருந்து நல்ல வண்டியைக் காப்பாற்றினால் போதும் என்றோ என்னவோ, தகப்பனார் ஒரு பழைய ஃபோர்டு மாடல்-டி எஞ்சினைக் கொடுத்தார்.

1922 டிசம்பர் 31. பையனுக்கு 15 வயது. அந்த எஞ்சினை ஒரு சறுக்குவண்டியின் மேல் பொருத்தி, பின்பக்கம் விமானத்துக்கு இருப்பது போல மரக் காற்றாடியை மாட்டி, தம்பி லெயோபோல்துடன் ஊர்த்தெருவில் ஓட்டினான். வண்டி ஓடிவிட்டது! காவல் இல்லாமல் சுழலும் அந்தக் காற்றாடியைப் பார்த்த தகப்பனார், உடனே பிரித்துப் போடு என்று உத்தரவிட்டுவிட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது.

19 வயதில், 1926-இல், சொந்தமாக ஒரு காராஜ் திறந்தார். கோடைக்காலத்தில் ஊரார் கார்களை ரிப்பேர் செய்வது, மழையில்லாத அந்த நீண்ட பனிக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பனியில் ஓடும் வண்டிக்கு வழி தேடுவது என்று வருஷங்கள் போயின. 1929-இல் இவோன் லப்ரெக் என்ற பெண்ணை மணந்தார்.

1934-ஆம் வருஷத்துப் பனிக்காலம்

அந்தப் பனிக்காலத்தில் இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் நோய் வந்து, வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு ஷெர்புரூக் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூரம் சுமார் 50 கிலோமீட்டர். சாலை முழுவதும் பனியால் அடைபட்டிருந்தது. காராஜில் செய்துகொண்டிருந்த சோதனை வண்டி அப்போது ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

ஒரு மெக்கானிக், பனியில் ஓடும் வண்டிக்காகப் பத்து வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருப்பவர், அந்த வண்டி தேவைப்பட்ட ஒரே இரவில் அது பாகம்பாகமாகக் கிடக்கிறது. இதற்கு மேல் நான் எதுவும் எழுத விரும்பவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் புரியும்.

அடுத்த வருஷமே அவருக்கு வழி கிடைத்தது. சக்கரம் பனியில் புதைகிறது என்பதுதான் சிக்கல். வண்டியின் எடையை ஒரு நீண்ட பட்டையின் மேல் பரப்பிவிட்டால் புதையாது. ஆனால் இரும்புப் பல்சக்கரம் பட்டையைச் சுழற்றினால் பல்லிடுக்கில் பனி இறுகிப் பட்டை கழன்றுவிடும். அவர் பல்சக்கரத்துக்கு ரப்பர் உறை போட்டார். பனி ஒட்டவில்லை. 1937-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி என்பதால் பி-7 என்று பெயர். பின்புறம் ஃபோர்டு வி-8 எஞ்சின். பிறகு 12 பேர் உட்காரும் பி-12 வந்தது. கப்பலுக்கு இருப்பது போல வட்ட ஜன்னல்கள். வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள்: டாக்டர்கள், பாதிரியார்கள், தபால் கொண்டுபோகிறவர்கள், வாடகைக்கு ஓட்டுபவர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள். 1942-இல் கம்பெனியாகப் பதிவு செய்தார்.

பிறகு வந்தது வேறொரு அடி. 1948-இல் கியூபெக் அரசு, பனிக்காலத்திலும் கிராமப்புறச் சாலைகளைத் துப்புரவு செய்து திறந்துவைக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஊருக்கு நல்லது. ஆனால் சாலை திறந்துவிட்டால் பன்னிரண்டு பேர் பனிவண்டி எதற்கு? விற்பனை படுத்துவிட்டது. அவர் காட்டுக்கும் சதுப்புக்கும் ஏற்ற டிராக்டர் செய்து கம்பெனியைக் காப்பாற்றினார். பழைய கனவான, ஒருவர் இருவர் ஏறும் சிறிய வண்டியை மட்டும் மறக்கவில்லை.

ஸ்கி-டூ

சிறிய வண்டிக்குத் தடையாக இருந்தது எஞ்சின்தான். காருக்குச் செய்த எஞ்சின் கனமானது. 1950களின் கடைசியில் எடை குறைந்த சிறு எஞ்சின்கள் கிடைக்கத் தொடங்கின. இணைப்பு இல்லாத அகலமான ரப்பர் பட்டையும் தயாரானது. இதில் மூத்த மகன் ஜெர்மேனின் பங்கு உண்டு. 1959-இல் வண்டி வெளிவந்தது. 7 குதிரைசக்தி கோலர் எஞ்சின். முதல் பருவத்தில் விற்றது 225 வண்டி.

நாய் இழுக்கும் சறுக்குவண்டிக்கு மாற்று என்பதால் ஸ்கி-டாக் என்று பெயர் வைக்க நினைத்ததாகவும், எழுத்துப் பிழையால் அது ஸ்கி-டூ ஆகிவிட்டதாகவும் சொல்வார்கள். தொடக்க வண்டிகளில் ஒன்று ஒன்டாரியோவின் வடக்கே லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற இடத்தில் பழங்குடி மக்களிடையே இருந்த மோரிஸ் விமே என்ற பாதிரியாருக்குப் போனது. அவர் பொம்பார்தியேயின் நண்பர். விளையாட்டுக்கு வாங்கியவர்கள் பின்னால் வந்தார்கள். அவர் மனத்தில் இருந்ததெல்லாம் பாதிரியாரும் டாக்டரும் வேட்டைக்காரரும்தான்.

கோலர் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் வகை. அதன் அடித்தொட்டியில் எண்ணெய் நிற்கும். மைனஸ் 30 டிகிரியில் அந்த எண்ணெய் இறுகிப்போய்விடும். கயிற்றை இழுத்தால் கைதான் வலிக்கும்! அந்தக் காலத்தில் வடக்கே பறந்த சிறு விமான ஓட்டிகள் இரவில் எண்ணெயை வடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, காலையில் அடுப்பில் சுடவைத்து ஊற்றியது இதனால்தான். 1962 முதல் ஸ்கி-டூவில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வந்தன. இதில் எண்ணெய்த் தொட்டியே கிடையாது. எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துவிட வேண்டும். எடையும் குறைவு, பாகங்களும் குறைவு. குளிருக்கு ஏற்றது. ஆனால் பிடிவாதம் அதிகம்.

பிடிவாதம் எங்கே இருக்கிறது?

நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு ஸ்ட்ரோக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மொபெட்டும் ஸ்கூட்டரும் ஓட்டியவர்கள்தானே நாம். பெட்ரோல் பங்கில் எண்ணெய் கலந்து வாங்கியதும், தெருவோரம் வண்டியைச் சாய்த்துவிட்டு பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்ததும் யாருக்கு மறக்கும்? பிரெஞ்சில் மெழுகுவர்த்திக்கும் பிளக்குக்கும் பூஜி என்று ஒரே சொல். வர்த்தி எரிந்தால்தான் வண்டி.

2016 ஜனவரியில் ஷெர்புரூக்கில் மகள் வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டு முதியவர் தன் பழைய ஒலிம்பிக் வகை ஸ்கி-டூவைக் கிளப்புவதைப் பார்த்தேன். 1970 வாக்கில் செய்த வண்டி. முதல் சந்திப்பிலேயே என்னை 'து' என்று ஒருமையில் அழைத்தார். மரியாதைக்கு 'வூ' என்றே சொல்லிக் கொடுக்கப்பட்ட புதுவைக்காரனுக்கு அது கொஞ்சம் திடுக்கென்றிருந்தது. அங்கே அது நட்பின் அடையாளம் என்று மகள் சொன்னாள்.

கயிற்றைப் பத்து தரம் இழுத்தும் வண்டி கிளம்பவில்லை. அவர் பதினோராவது தரம் இழுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார். எஞ்சினுக்கு மூன்றே மூன்று வேண்டும் என்றார்: பெட்ரோல், பொறி, அமுக்கம். மூன்றில் எது இல்லை என்று முதலில் கண்டுபிடி, பிறகு கருவியைத் தொடு. குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இது நன்றாகவே புரிந்தது. கோப்பு நகரவில்லை என்றால் எந்த மேசையில் நிற்கிறது என்று பார்ப்போமே தவிர, எல்லா மேசையையும் கவிழ்ப்பதில்லையே.

முதலில் சும்மா பார்ப்பது: தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, அவசர நிறுத்தப் பொத்தான் தவறி அழுந்தியிருக்கிறதா. சிரிக்காதீர்கள், பாதி வண்டிகள் இங்கேயே கிளம்பிவிடும் என்றார்.

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை, அல்லது சோக் போட்டே இழுத்து இழுத்து பெட்ரோல் நிரம்பிவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. இந்த ஒரு பார்வையில் வழி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

பொறியைப் பார்க்க, பிளக்கை வயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினைத் தொடும்படி, பிளக் துளைக்குத் தள்ளி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். அருகில் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்த இடத்தில் நீலப் பொறி தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் வேறு பிளக். அதிலும் இல்லை என்றால் நிறுத்தப் பொத்தானின் வயரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். உறை தேய்ந்து இரும்பில் பட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபிளைவீலுக்குப் பின்னால் உள்ள பாயின்ட். கோடை முழுவதும் ஈரக் கொட்டகையில் கிடந்த வண்டியில் அந்தச் சிறு முனைகளில் களிம்பு பிடித்திருக்கும். மெல்லிய அரத்தால் ஒரு தடவு தடவி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

அவர் வண்டியில் பொறி இருந்தது. பிளக் காய்ந்திருந்தது. எனவே பெட்ரோல் பக்கம் போனார். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஒரு சிறு கரண்டி மட்டும் பிளக் துளையில் விட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கைத் திருகிக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இரண்டு விநாடி உறுமி அடங்கியது. அந்த இரண்டு விநாடி போதும்: பொறியும் அமுக்கமும் சரி, பெட்ரோல் வரும் பாதைதான் கெட்டிருக்கிறது. சிலர் பொறுமையில்லாமல் ஈதரைப் பீய்ச்சுவார்கள். அதில் எண்ணெய் கிடையாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு உயிரே எண்ணெய்தான் என்று எச்சரித்தார்.

பெட்ரோல் பாதையில் குற்றவாளிகள் பலர். போன பருவத்துப் பெட்ரோல் தொட்டியிலேயே இருந்து பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைப்பது ஒன்று. குளிரும் வெப்பமும் மாறி மாறித் தொட்டிக்குள் நீர் படிந்து, அது குழாயில் பனிக்கட்டியாக உறைவது இன்னொன்று. அதற்காகவே பெட்ரோலில் கொஞ்சம் ஆல்கஹால் சேர்ப்பார்கள். மூன்றாவது நம் மொபெட்டில் கிடையாது. நம் வண்டியில் தொட்டி மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கிவிடும். பனிவண்டியில் பெட்ரோலை உறிஞ்ச ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கும். எஞ்சினின் கிராங்க் அறையில் மாறி மாறி வரும் அழுத்தம் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வந்து அந்த ஜவ்வை அடிக்கும். நாற்பத்தைந்து வருஷத்துக் குழாயில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. அங்கேதான் காற்று ஒழுகியது. விரலளவு புதுக் குழாய் மாட்டினார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை, விளக்கெண்ணெய் எரிந்தது போல ஒரு வாசனை!

மூன்றாவது தேவையான அமுக்கம் அன்று சரியாக இருந்தது. அது போனால்தான் பெரிய செலவு. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது கிராங்க் தண்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் அடைப்பு காய்ந்து காற்றை உள்ளே விடும். காற்று மிகுந்தால் எஞ்சின் கிளம்ப மறுக்கும். கிளம்பிவிட்டால் இன்னும் ஆபத்து. சூடேறிப் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

நாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில்

வீட்டு வாசலில் கிளம்பாத வண்டி ஒரு தொல்லை. ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி, பனிவெளி நடுவே கிளம்பாத வண்டி என்றால்? வட துருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் 1960களில் பனிவண்டிக்கு மாறியபோது இந்தக் கணக்கை நன்றாக அறிந்தே மாறினார்கள். நாய்கள் புயலிலும் வழி கண்டுபிடிக்கும். மெல்லிய பனிக்கட்டியை மோந்து விலகும். வேட்டையாடிய இறைச்சியே அவற்றுக்குத் தீனி. எஞ்சினுக்குப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோலுக்குக் காசு வேண்டும், காசுக்குச் சம்பளம் வேண்டும். ஆனால் வண்டி ஒரு நாளில் போகும் தூரம் நாயால் முடியாது. அதனால் வேட்டைக்காரர்கள் மெக்கானிக்குகளாகவும் ஆனார்கள். உபரி பிளக்கும் பட்டையும் இல்லாமல் யாரும் தனியே புறப்படுவதில்லை.

இதில் ஒரு வேதனையான பக்கமும் உண்டு. 1950களிலும் 60களிலும் கியூபெக்கின் வடக்கே நூனாவிக் பகுதியில் இன்யூட் மக்களின் நாய்களைக் காவலர்களும் அதிகாரிகளும் ஏராளமாகச் சுட்டுக் கொன்றார்கள். நாய் போன வீட்டுக்குப் பனிவண்டி வசதி அல்ல. வேறு வழியில்லாத கட்டாயம். 2011-இல் கியூபெக் அரசும் 2024-இல் கனடா மத்திய அரசும் இதற்குப் பொறுப்பை ஏற்று நஷ்டஈடு அறிவித்தன. அரசாங்கத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: ஒரு உத்தரவு கீழே போய்ச் சேர ஒரு நாள் போதும், அதன் தவறு மேலே வந்து சேர ஐம்பது வருஷம் ஆகிறது.

ஃபின்லாந்தின் வடக்கே மான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்களிடமும் இதே காலத்தில் பனிவண்டி போய்ச் சேர்ந்தது. பெர்ட்டி பெல்டோ என்ற மானுடவியலாளர் அங்கே இருந்து கவனித்து 1973-இல் ஒரு புத்தகமே எழுதினார். வண்டியும் பெட்ரோலும் ரிப்பேரும் கட்டுப்படியானவர்கள் மந்தையைத் தக்கவைத்துக்கொண்டார்கள், முடியாதவர்கள் மேய்ச்சல் தொழிலிலிருந்தே விலகினார்கள் என்பது அவர் கண்டது.

பிறகு

பொம்பார்தியே 1964 பிப்ரவரி 18-இல் புற்றுநோயால் இறந்தார். வயது 56. இறந்தது ஷெர்புரூக்கில், முப்பது வருஷத்துக்கு முன் மகனைக் கொண்டுபோக முடியாத அதே ஊர். அவருக்குப் பின் வியாபாரம் பெருகியது. 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பனிவண்டி செய்தன. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் அவற்றில் பெரும்பாலானவை மறைந்தன. அவர் கம்பெனி 1974-இல் மொன்றியால் மெட்ரோவுக்கு 423 பெட்டிகள் செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்று ரயில் தொழிலில் இறங்கியது. பின்னாளில் டெல்லி மெட்ரோவுக்கும் பெட்டி செய்தது. குஜராத்தில் சாவ்லியில் தொழிற்சாலை வைத்தது. 2021-இல் அந்த ரயில் பிரிவை அல்ஸ்தோம் என்ற பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிவிட்டது. சென்னை மெட்ரோவில் நீங்கள் ஏறும் ரயிலைச் செய்ததும் இதே அல்ஸ்தோம்தான். பனிவண்டிப் பிரிவு 2003-இல் தனியாகப் பிரிந்தது. ஸ்கி-டூ இன்றும் வால்கூரிலேயே தயாராகிறது. இப்போதைய வண்டிகள் பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடுகின்றன. கோளாறு வந்தால் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

வால்கூரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய பழைய காராஜையும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மொன்றியாலில் பிள்ளைகள் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த முறை போகும்போது ஒரு பகல் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். பனிக்காலத்தில் போவதானால் கம்பளிக் குல்லாவும் கையுறையும் கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஜூன், ஜூலையில் போவது நல்லது.

அடுத்த கட்டுரையில், 1761-இல் இடிபட்ட புதுவை திரும்ப எழுந்த கதையைப் பார்ப்போம்.